நானே கூப்பிட்டாலும் திறக்காதே

"உன்னைத் தவிர யாரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க, டுவைலா."

"ஒனீட்டாவைக் கேட்டியா?"

"ஒனீட்டா கையில ஸ்டேப்ளரைக் குடுக்கவே எனக்குப் பயமா இருக்கு. துப்பாக்கியைக் குடுக்கச் சொல்றியா?"

டுவைலா அன்று சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அவள் கணவன் கார்லண்ட் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். ஜூன் மாத மாலை. சமையலறை ஜன்னல் வழியே மாட்டுப் பட்டியின் வாடையைக் காற்று கொண்டுவந்து கொண்டிருந்தது. அவன் துடைத்த தட்டையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நின்றான்.

"நம்ம ஸ்கூல்ல பெரிய வகுப்புப் பக்கம் துப்பாக்கியோட மூணு பேர் இருக்கோம். சின்னப் பிள்ளைங்க பக்கம் ஒரு ஆள் கூட இல்ல. ஷெரீஃப் ஆபீஸ்ல போனை எடுத்து, வண்டியைக் கிளப்பி, இங்க வந்து சேர முக்கால் மணி நேரம். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைங்களுக்கு யாரு?"

"நான் அஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கு ஷூ கயிறு கட்டி விடறவ, கார்லண்ட்."

"பன்னெண்டு வயசுல உங்கப்பா பண்ணையில நரியைச் சுட்டவ நீ. இந்த ஊர்ல உன்னை மாதிரி கை நடுங்காம சுடறவங்க கொஞ்ச பேர்தான்." தட்டை அடுக்கில் வைத்தான். "ரினே இருந்த ஸ்கூல்ல மட்டும் ஒருத்தர் கையில ஒண்ணு இருந்திருந்தா..."

அந்த வாக்கியத்தை அவன் ஒருபோதும் முடித்ததில்லை. முடிக்கத் தேவையும் இருந்ததில்லை. ரினே அவனுடைய ஒரே தங்கை. இன்னொரு ஊரில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒரு வசந்த கால வியாழக்கிழமை, வகுப்பறைக் கதவுக்கும் தன் மாணவர்களுக்கும் நடுவில் நின்றபடி, துப்பாக்கியோடு உள்ளே புகுந்தவன் சுட்டு இறந்துபோனவள்.

"சரி" என்றாள் டுவைலா.

வாயில் வந்தது அந்தச் சொல். நாக்கில் இருந்தது வேறு. என்னைக் கேட்காதே, என்னை விட்டுவிடு என்ற அந்த வேண்டுதலை அன்று விழுங்கினாள். அதன்பின் பலமுறை விழுங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போது, பின்டோ பீன்ஸ் பயறை ஊறப் போடும்போது, விளக்கை அணைத்த பின் அவன் முதுகைப் பார்த்துப் படுத்திருக்கும்போது. ஒவ்வொரு முறையும் அது ரினேயின் பெயரில் போய் முட்டித் திரும்பியது. 'வேண்டாம்' என்று சொன்னால் அவன் காதில் 'உன் தங்கை எப்படிப் போனால் எனக்கென்ன' என்று விழுமோ என்று பயந்தாள்.

துப்பாக்கி அவளுக்குப் புதிதல்ல. டாலிவரில் யாருக்குமே புதிதல்ல. டெக்சஸின் வடக்கு மூலையில், பருத்திக் காடுகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிற்றூரில் ஒவ்வொரு வண்டியிலும் ஒன்று இருக்கும். ஆனால் வண்டியில் இருப்பது வேறு, பாலர் வகுப்பில் இடுப்பில் இருப்பது வேறு என்பதை ஆகஸ்டில் பள்ளி திறந்த முதல் நாளே தெரிந்துகொண்டாள்.

ஐந்து வயதுக் குழந்தையின் தலை சரியாக ஆசிரியையின் இடுப்புக்கு வரும். ஓடி வந்து கட்டிக்கொண்டால் கன்னம் அங்கேதான் பதியும். இத்தனை வருடங்களாக அப்படி வந்து மோதியவர்களை இப்போது கையை நீட்டித் தடுத்தாள். முதுகு வலி, உள்ளே பட்டை போட்டிருக்கிறேன் என்று சொன்னாள். யாரிடம் ஆயுதம் இருக்கிறது என்பது பள்ளி நிர்வாகியான கார்லண்டுக்கும் ஷெரீஃபுக்கும் மட்டுமே தெரிய வேண்டும் என்பது விதி.

வகுப்பு உதவியாளர் ஒனீட்டாவோ விதிக்கெல்லாம் அடங்குகிறவள் அல்ல.

"அது என்னடி பட்டை, வலப்பக்கம் மட்டும் புடைச்சிட்டு நிக்குது?"

"வலி வலப்பக்கம்தான்."

"உன் புருஷன் குடுத்த வலியா?"

"வாயை மூடிட்டுப் பென்சிலைச் சீவு, ஒனீட்டா."

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. பருத்தி அறுவடை நடந்துகொண்டிருந்ததால் மைதானத்து வேலி முழுக்க வெள்ளைத் துணுக்குகள் சிக்கியிருந்தன. ஆசிரியர்கள் கழிப்பறையில் குழாய் உடைந்து, பழுது பார்ப்பவர் இன்னும் வரவில்லை. அதனால் டுவைலா தாழ்வாரத்தின் கோடியில் இருந்த சிறுமிகள் கழிப்பறைக்குப் போனாள்.

உட்காரும்போது அதைக் கழற்றவே கூடாது என்று துப்பாக்கிப் பயிற்சியாளர் பத்து முறை சொல்லியிருந்தார். அவர் ஆண். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான பீங்கானில், குண்டு நிரப்பிய துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவரல்ல. டுவைலா உறையோடு அதை உருவி, காகிதச் சுருள் பெட்டியின் மேல் வைத்தாள். ஒரு நிமிடம்தானே என்று நினைத்தாள்.

"டுவைலா! சீக்கிரம் வா!" வெளியிலிருந்து ஒனீட்டாவின் குரல். "கோல்பி மூக்குக்குள்ள பீன்ஸ் கொட்டையைத் திணிச்சிக்கிட்டான். எண்ணுறதுக்குக் குடுத்தா எங்க வெக்கிறான் பாரு! நீலமாயிட்டு வர்றான்!"

டுவைலா ஓடினாள்.

கோல்பி நீலமாகவெல்லாம் ஆகவில்லை. அழுகையில் சிவந்து போயிருந்தான். ஒரு பக்க மூக்கை அழுத்திப் பிடித்து, "சிந்து, பலமா சிந்து" என்றாள். மூன்றாவது முறை பீன்ஸ் கொட்டை தெறித்து வந்து மேசை மேல் விழுந்தது. வகுப்பே கைதட்டியது.

"மிஸ் டுவைலா, அதையும் எண்ணணுமா?" என்று கோல்பி கேட்டான்.

"அதை மட்டும் விட்டுடலாம் செல்லம்."

கீழே உருண்டு கிடந்தவற்றைப் பொறுக்கக் குனிந்தாள். சுலபமாகக் குனிய முடிந்தது. விலாவுக்குக் கீழே எதுவும் குத்தவில்லை. இந்த இரண்டு மாதத்தில் அவள் இவ்வளவு சுகமாகக் குனிந்ததே இல்லை.

கை தானாக இடுப்புக்குப் போனது. சட்டைக்கு அடியில் வெறும் தோல்.

"ஒனீட்டா," குரலை எப்படியோ சமமாக வைத்துக்கொண்டு கேட்டாள், "யாராவது பாத்ரூமுக்குப் போயிருக்காங்களா?"

"மாரிசெல் போனா. நீ வந்ததுமே கேட்டா, அனுப்பிச்சேன். ஏன்?"

டுவைலா ஓடவில்லை. பெரியவர்கள் ஓடினால் குழந்தைகள் மேசைக்கு அடியில் போய்விடுவார்கள், அப்படித்தான் அவளே பழக்கியிருந்தாள். வேகமாக நடந்தாள். சுவரில் ஒட்டியிருந்த காகிதப் பூசணிக்காய்கள் ஒவ்வொன்றும் அவளைப் பார்த்துப் பல்லை இளித்தன.

சற்று முன் அவள் உட்கார்ந்திருந்த கோடித் தடுப்பறையின் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாளில் உள்ளே ஆள் இருப்பதைக் காட்டும் சிவப்பு தெரிந்தது. கதவுக்கு அடியில் கால்கள் தெரியவில்லை.

கால்கள் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்லிக் கொடுத்ததுதான். 'ஆபத்து வரும்போது பாத்ரூம்ல இருந்தா என்ன பண்ணணும்? தாழ்ப்பாளைப் போடணும். மேல ஏறி நிக்கணும். சத்தமே வரக்கூடாது.' ஒரு துப்பாக்கியைப் பார்த்த ஐந்து வயதுச் சிறுமி, ஆபத்து வந்துவிட்டது என்று முடிவு கட்டி, ஒன்றையும் மறக்காமல் அத்தனையும் செய்திருக்கிறாள். பால் பண்ணையில் வேலை பார்க்கும் அம்மா கொண்டு வந்து விட்ட நாளிலிருந்து எதையும் இரண்டாவது முறை சொல்ல வைக்காத குழந்தை மாரிசெல்.

"மாரிசெல்? நான்தான் கண்ணு, மிஸ் டுவைலா. கதவைத் திற."

கதவுக்கும் தடுப்புப் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி. டுவைலா கண்ணை வைத்தாள். சிவப்பு ஷூக்கள் பீங்கானின் விளிம்பில் நின்றன. உறை தரையில் கிடந்தது. துப்பாக்கியை இரண்டு கைகளாலும் பிடித்து, தலைக்குப் பின்னால் தூக்கியிருந்தாள் மாரிசெல். குழாய் அவள் காதை ஒட்டி நின்றது. ஒரு விரல் விசை வளையத்துக்குள் புகுந்திருந்தது.

அந்த நிலையும் டுவைலா கற்றுக் கொடுத்ததுதான். 'உள்ள யாராவது வந்துட்டா என்ன பண்ணணும்? கையில இருக்கறதைத் தூக்கி எறியணும்.' மரக்கட்டைகளை வைத்துப் பழகியிருந்தார்கள். இப்படித்தான், இரண்டு கையாலும், தலைக்குப் பின்னாலிருந்து.

"மாரிசெல், கண்ணு, அதை மெதுவா..."

கைகள் இன்னும் உயர்ந்தன. டுவைலா பேச்சை அப்படியே நிறுத்தினாள். 'நானே கூப்பிட்டாலும் திறக்கக்கூடாது. கெட்டவன் என்னை மிரட்டிக் கூப்பிட வைக்கலாம்.' போன மாதம் இதைச் சொன்னபோது, "நீங்க அழுதுகிட்டே கூப்பிட்டாலுமா?" என்று கேட்டவள் மாரிசெல்தான். "அழுதாலும்" என்று சொல்லி அவளுக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டினாள் டுவைலா.

அடியில் தவழ்ந்து நுழைந்தால்? தலை தெரிந்த கணமே எறிவாள். குழாயில் ஒரு குண்டு எப்போதும் ஏறியிருக்க வேண்டும் என்பது ஆசிரியர்களுக்கு ஆயுதம் தரும் திட்டத்தின் விதி. ஆபத்து நேரத்தில் இழுத்து ஏற்ற அவகாசம் இருக்காதாம். தூக்கி எறியும்போது அந்தச் சின்ன விரல் விசையை இழுக்காமல் இருக்குமா?

வாயைப் பொத்திக்கொண்டு வாசல் வரை பின்னால் நகர்ந்தாள். போனை எடுத்தாள்.

"கார்லண்ட். சின்னப் பொண்ணுங்க பாத்ரூம். தனியா வா. ஓடாதே. சாவிக்கொத்தைக் கொண்டு வா."

"என்ன ஆச்சு?"

"வா."

அவன் பஸ் கொட்டகையிலிருந்து வந்தான். ஓடித்தான் வந்திருக்க வேண்டும், மூச்சு இரைத்தது. கோட்டுக்கு உள்ளே கை போயிருந்தது.

"ஆள் எங்க?"

"ஆள் இல்ல. கையை வெளிய எடு." அவன் மணிக்கட்டைப் பிடித்து அவளே இழுத்தாள். "மாரிசெல் உள்ள இருக்கா. என்னோடது அவ கையில."

"உன்னோடதா? எப்படி?"

"கழட்டி வெச்சேன். மறந்துட்டு வந்துட்டேன்."

கார்லண்டின் முகம் இப்படி வெளிறிப் போனதை அவள் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். ரினேயின் பள்ளியிலிருந்து போன் வந்த அன்று.

"மைக்ல அறிவிப்புக் குடுத்து எல்லா வகுப்பையும் பூட்டச் சொல்றேன்" என்றான்.

"உன் குரல் மைக்ல வந்துச்சுன்னா, அவ நினைச்சது நிஜம்னு ஆயிடும்."

"அப்போ நான் கதவை உதைக்கறேன்."

"உதைச்சா எறிவா. தலைக்குப் பின்னாலேர்ந்து எறிவா, கார்லண்ட். நான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"அவகிட்ட பேசு! நீ அவளோட டீச்சர்!"

"என் குரலை நம்பாதேன்னு சொன்னதும் அந்த டீச்சர்தான்." அவள் பற்களுக்கு நடுவே வார்த்தைகள் நசுங்கி வந்தன. "ஒண்ணே ஒண்ணைத்தான் நம்பச் சொல்லியிருக்கேன். யாரும் தட்ட மாட்டாங்க, யாரும் கூப்பிட மாட்டாங்க, மிஸ்டர் பென்னிங், நீதான், சாவி போட்டுத் திறப்பார், அப்போ எல்லாம் முடிஞ்சதுன்னு அர்த்தம். பயிற்சியில நீ செய்யற மாதிரியே செய். பேசாதே."

"இந்தக் கதவுக்குச் சாவியே கிடையாதே!"

"சத்தம் இருக்கே."

கார்லண்ட் கொத்தைக் கையில் எடுத்தான். ஆட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவன் கை நடுங்கிய நடுக்கத்தில் பள்ளிக்கூடத்துச் சாவிகள் அத்தனையும் தாமாகவே குலுங்கின.

உள்ளே ஒரு விசும்பல். இவ்வளவு நேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

தாழ்ப்பாளின் வெளிப்பக்கம் நாணயம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு இருந்தது. கார்லண்ட் ஒரு சாவியின் நுனியை அதில் கொடுத்தான். வழுக்கியது. மறுபடி கொடுத்தான். மறுபடி வழுக்கியது. அவன் உதடுகள் அசைந்தன. பிரார்த்தனையா, ரினேயின் பெயரா என்று டுவைலாவுக்குத் தெரியவில்லை. அவனைத் தோளால் மெல்ல விலக்கி, கதவுக்கு நேர் எதிரே தான் மண்டியிட்டாள். எதுவாவது வெடித்தால் அது தன்னைத் தாண்டிப் போகக்கூடாது. வேறு எந்த யோசனையும் அவளிடம் இல்லை.

கார்லண்ட் பக்கவாட்டிலிருந்து மறுபடி சாவியைக் கொடுத்துத் திருப்பியதும் சிவப்பு பச்சையானது. கதவு மெல்ல உள்ளே போனது.

பயிற்சியின்போது இந்த இடத்தில் அவள் கூடையோடு வருவாள். எல்லாரும் கட்டைகளைத் திருப்பிப் போட வேண்டும். கூடை இல்லை. கம்பளிச் சட்டையைக் கழற்றி இரண்டு உள்ளங்கைகளிலும் விரித்து நீட்டினாள்.

"சாவி கேட்டுச்சு" என்று கிசுகிசுத்தாள் மாரிசெல். கைகள் இன்னும் தலைக்குப் பின்னால்தான்.

"கேட்டுச்சு இல்ல? அப்போ முடிஞ்சது. கட்டையைக் கூடையில போடலாமா?"

"இது கட்டை இல்ல மிஸ்."

"இல்லதான் கண்ணு. அதனால எறிய வேணாம். கோழி முட்டையை வெக்கிற மாதிரி வெக்கணும். விரலை முதல்ல அந்த ஓட்டையிலேர்ந்து வெளிய எடு. ஆங், அந்த விரல்தான். இப்ப மெதுவா, மெதுவா இறக்கு."

குழாய் காதைத் தாண்டி, தோளைத் தாண்டி, சிவப்பு ரிப்பன் கட்டிய சடையில் உரசிக்கொண்டு முன்னால் வந்தது. ஒரு நொடி டுவைலாவின் கழுத்துக்கு நேராக நின்றது. அது இன்னும் இறங்கியது. கம்பளியின் மேல் கனம் வந்து உட்கார்ந்தது.

டுவைலா துப்பாக்கியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, குண்டுகளின் அடுக்கை உருவினாள். குழாயில் இருந்ததையும் வெளியே தள்ளினாள். தரையில் விழுந்த குண்டு உருண்டு கார்லண்டின் ஷூவில் முட்டி நின்றது.

"கெட்டவன் போயிட்டானா?"

"போயிட்டான்."

"நான் சரியா செஞ்சேனா?"

"சரியாத்தான் செஞ்சே. எல்லாத்தையும் சரியா செஞ்சே."

"ரொம்பக் கனமா இருந்துச்சு. கை வலிக்குது." பீங்கானிலிருந்து குதித்து இறங்கினாள். பிறகு அவள் முகம் கோணியது. "மிஸ், நான் இன்னும் ஒண்ணுக்கே போகல."

"போ கண்ணு. நான் இங்கதான் நிக்கறேன்."

கதவு மறுபடி சாத்தப்பட்டது. டுவைலா குழந்தைகளின் உயரத்துக்கு வைத்திருந்த கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒரு கையால் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் வெளியே வந்த மாரிசெல், சோப்புப் போட்டுப் பொறுமையாகக் கை கழுவி, பாவாடையில் துடைத்துக்கொண்டாள். வாசலுக்குத் தேடி வந்த ஒனீட்டா, டுவைலாவின் முகத்தையும் அவள் கையில் சுருட்டியிருந்த கம்பளியையும் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வார்த்தையும் கேட்காமல், குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

கார்லண்ட் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"ஒண்ணும் ஆகல. கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகல. நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரும் பார்க்கல."

"மாரிசெல் பார்த்தா."

"அஞ்சு வயசு. மறந்துடுவா."

"நான் சொல்லிக் குடுத்த எதையாவது அவ மறந்தாளா?"

அவன் முகத்தைக் கைகளால் தேய்த்தான். "டுவைலா, இது ஸ்கூல் நிர்வாக போர்டுக்குத் தெரிஞ்சா திட்டத்தையே எடுத்துடுவாங்க. அப்புறம் இந்தப் பக்கம் ஒருத்தர் கூட இருக்க மாட்டாங்க. நிஜமாவே ஒருத்தன் வந்தா? வர மாட்டான்னு உன்னால சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்புறம்? டீச்சர் பாத்ரூம் குழாயை இன்னிக்கே சரி பண்ண வெக்கறேன். கோடையில நீ இன்னொரு தடவை பயிற்சிக்குப் போ. கழட்டாமலே இருக்கற மாதிரி வேற உறை வாங்கலாம். தப்பு நடக்கும், திருத்திக்கலாம்." எழுந்து வந்து அவளுக்கு எதிரில் நின்றான். கண்கள் கலங்கியிருந்தன. "இப்போதைக்கு அதை மாட்டிக்கிட்டு வகுப்புக்குப் போ. உன்னைத்தான் நம்பியிருக்கேன். ரினே இருந்த ஸ்கூல்ல மட்டும்..."

அங்கேயே நின்றான், எப்போதும் நிற்கிற இடத்தில்.

டுவைலா அவனைப் பார்த்தாள். இருபது வருடம் பக்கத்தில் படுத்தவன். தங்கையின் பிறந்த நாளன்று யாருக்கும் தெரியாமல் பஸ் கொட்டகையில் உட்கார்ந்து அழுகிறவன். இந்தக் கட்டடத்தில் இருக்கும் ஒவ்வொரு குழந்தையையும் தன் உடம்பால் மறைக்கத் தயாராக இருப்பவன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

கம்பளியோடு சுருட்டியிருந்ததை அவன் மார்பில் வைத்து அழுத்தினாள். அவன் பிடித்துக்கொள்ளும் வரை கையை எடுக்கவில்லை.

"இதை நீ வாங்கிக்கோ, கார்லண்ட். மாரிசெல்லோட அம்மாகிட்ட நானே போய்ச் சொல்றேன். போர்டுலயும் சொல்றேன். அவங்க என்ன வேணா முடிவு பண்ணட்டும்." இந்த முறை அவள் விழுங்கவில்லை. "ரினே எனக்கும் தங்கச்சிதான். அவளுக்காக நானும்தான் தினம் அழறேன். ஆனா அவளைக் காப்பாத்த என்னை அனுப்பாதே. என்னால முடியாது. இதை எடுத்துக்கோன்னு இனிமே என்னைக் கேக்காதே. ஜூன்லயே சொல்லியிருக்கணும், சொல்லல. இப்பக் கெஞ்சிக் கேக்கறேன். என்னை விட்டுடு."